"எனக்குக் கை வராது சேர்" – லெப்டொப்பில் டச்பேட் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம்ம ஊர்ச் சகோதரர் ஒருவர் போன வருடம் மூன்று பழைய லெப்டொப்களை அனுப்பி வைத்தார். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நூலகத்தில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து தாய்மாருக்கு நடத்தும் கணினி வகுப்புக்கென்று அனுப்பியவை. பெட்டியைப் பிரித்தபோது சார்ஜர்கள் இருந்தன, பைகள் இருந்தன, மவுஸ் மட்டும் ஒன்றுகூட இல்லை. "பரவால்ல, லெப்டொப்லயே இரிக்கிதானே" என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்றும் மூன்று விதம். ஒன்று கறுப்பு நிறம், நல்ல பாரம். அதன் விசைகளுக்கு நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் குமிழ். இரண்டாவது பிள்ளைகளின் கொப்பி அளவில் சின்னது. டச்பேட் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு பட்டன்களும் அதற்குக் கீழே இல்லாமல் இடமும் வலமுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது புதியது. அதில் பட்டனே கண்ணுக்குத் தெரியவில்லை, வழுவழுவென்று ஒரு பெரிய சதுரம் மட்டும்தான்.

முதல் வாரமே தையல் தொழில் செய்யும் ராத்தா ஒருவர் வந்தார். மகள் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில்தான் நிரப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டு, அதைக் கடையில் யாரோ ஒருவரிடம் கொடுத்து நிரப்பாமல் தானே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வந்தவர். புதிய லெப்டொப்பை அவர் முன் வைத்தோம். விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். அம்புக்குறியும் நகர்ந்தது. திரையின் பாதி தூரம் போவதற்குள் விரல் டச்பேட்டின் விளிம்பை முட்டிவிட்டது.

"இடம் முடிஞ்சிட்டு சேர்."

"விரலத் தூக்கி திரும்ப வைங்க" என்றோம். தூக்கினார். அதே விளிம்பிலேயே திரும்ப வைத்தார். மறுபடியும் இடமில்லை. விளக்கினோம். இம்முறை நடுவில் வைத்தார், ஆனால் வைத்த வேகத்தில் அது க்ளிக் ஆகி வேறொரு பக்கம் திறந்துகொண்டது. பத்து நிமிடம் இப்படியே போனது. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கை வராது சேர், நீங்களே செஞ்சு தாங்க" என்றார். எங்களில் ஒருவர் லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து இரண்டு நிமிடத்தில் செய்து காட்டினார். ராத்தா சிரித்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

எங்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தையல் பிரிக்கிற கை அது. ஊசிக் காதில் நூல் கோர்க்க நாங்கள் மூன்று முறை எச்சில் தொட வேண்டும், அவருக்கு ஒரு முறை போதும். அந்தக் கைக்கு "கை வராது" என்றால் பிழை கையிலா, கருவியிலா, சொல்லிக்கொடுத்த எங்களிலா? இந்தக் கேள்வியோடுதான் லெப்டொப்பில் அம்புக்குறியை அசைக்கும் கருவிகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

மவுஸிலிருந்து தொடங்க வேண்டும். 1964இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் யோசனைக்கு பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் உருவம் கொடுத்தார். மரத்தாலான ஒரு சின்னப் பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சில்லுகள், மேலே ஒரு பட்டன். அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பகிரங்கமாகக் காட்டினார்கள். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாதது, அதே குழு மவுஸை மட்டும் நம்பி உட்காரவில்லை என்பது. திரையைத் தொடும் ஒளிப் பேனை, ஜோய்ஸ்டிக் என்று பலதையும் வைத்துப் போட்டி நடத்திப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று முழங்காலால் இயக்குவது! மேசைக்கு அடியில் பொருத்தியிருப்பார்கள். முழங்காலை இடம் வலமாக ஆட்டினால் அம்புக்குறி இடம் வலம் போகும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் மேலே கீழே போகும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கார்மென்ட்ஸில் வேலை செய்தவர்களுக்கு இது சிரிப்பாகத் தெரியாது. ஜுகி மெஷினில் துணியை அமுக்கும் பாதத்தை முழங்காலால்தானே தூக்குகிறார்கள், இரண்டு கையும் துணியிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கல்பார்ட் குழுவின் காரணமும் அதேதான், இரண்டு கையும் விசைப்பலகையிலேயே இருக்க வேண்டும். கணினிக்குப் புதியவர்களிடம் அந்த முழங்கால் கருவி மவுஸுக்குச் சளைக்கவில்லை. பழகியவர்களிடம்தான் மவுஸ் வென்றது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே மவுஸ் எல்லாருக்கும் இயல்பாக வந்த பொருள் அல்ல, பழகப் பழக வந்த பொருள்.

அடுத்து மடிக்கணினி. இன்று நாம் பார்க்கிற, புத்தகம் போலத் திறந்து மூடும் வடிவத்தில் 1982இல் வந்தது கிரிட் கொம்பஸ். பிரித்தானியரான பில் மொக்ரிட்ஜ் வடிவமைத்தது. விலை 8000 டொலருக்கும் மேல். அதில் அம்புக்குறியை அசைக்க ஒன்றுமே இல்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தக் காலக் கணினிகளில் எல்லாம் எழுத்துத்தான், கட்டளையை அடித்து என்டர் தட்டினால் போதும். 1984இல் அப்பிளின் மெகின்டோஷ் வந்து, 1990இல் மைக்ரோசொப்டின் விண்டோஸ் 3.0 பரவிய பிறகுதான் படத்தைச் சுட்டாமல் வேலையில்லை என்ற நிலை வந்தது. மேசைக் கணினிக்குப் பிரச்சினை இல்லை, பக்கத்தில் மவுஸ் கிடக்கும். மடியில் வைக்கும் கணினிக்கு? ரயிலில், விமானத்தில், கட்டிலில் இருந்துகொண்டு மவுஸை எதன் மேல் உருட்டுவது?

இந்தக் கேள்விக்கு 1983லேயே ஒரு கம்பனி விடை வைத்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். கெவிலன் என்ற கம்பனியின் லெப்டொப்பில் விரலால் தடவும் ஒரு பட்டை இருந்தது, விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவில். ஆனால் கம்பனி அதிக நாள் நிலைக்கவில்லை, வங்குரோத்தாகிப் போனது. விடை கையில் இருந்தும் அது பொது வழக்கமாக இன்னும் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் பெரிய பெரிய கம்பனிகள் எல்லாம் இருட்டில் சுவரைத் தடவுவது போலத் தடவித் திரிந்திருக்கின்றன. அந்தத் தடவலை வாசித்தபோதுதான் எங்கள் ராத்தாவின் பத்து நிமிடம் எங்களுக்கு வேறு மாதிரி விளங்கியது.

முதலில் அவர்கள் பிடித்தது பந்தை. ட்ரெக்போல் என்பார்கள். மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் வயிற்றிலிருக்கும் பந்தை விரலால் உருட்டுவது போல. உண்மையில் பந்து மவுஸைவிட மூத்தது. கனடாக் கடற்படைக்காக 1952இல் செய்த ஒரு கருவியில் அங்கே விளையாடும் ஒருவகை பௌலிங் பந்தையே வைத்து உருட்டியிருக்கிறார்கள்.

1989 செப்டெம்பரில் வந்த அப்பிளின் மெகின்டோஷ் போர்டபிள் 7 கிலோவுக்கும் மேல் நிறை. வாகன பெட்டரி போல ஈய அமில பெட்டரி அதற்குள்! பெயர்தான் 'எடுத்துச் செல்லக்கூடியது'. ஆனால் அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. பந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது, இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் அதைக் கழற்றி இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். இடக்கைப் பிள்ளைகளை 'வலக்கையால் எழுது' என்று அதட்டிய ஆசிரியர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1989இலேயே ஒரு கணினி அந்தக் கையையும் கணக்கில் எடுத்திருக்கிறது.

மற்றவர்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். 1991இல் மைக்ரோசொப்ட் போல்பொயின்ட் என்று ஒன்றை விற்றது, அதை லெப்டொப்பின் ஓரத்தில் கிளிப் போலக் கவ்வ வைக்க வேண்டும். கொம்பெக் கம்பனியின் சில லெப்டொப்களில் பந்து திரைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் பெருவிரலால் பந்தை உருட்டிக்கொண்டு, மூடியின் பின்பக்கம் மற்ற விரல்களால் பட்டனை அமுக்க வேண்டும், ஏதோ புல்லாங்குழல் ஊதுவது போல. 1993இல் எச்.பி.யின் ஒம்னிபுக் 300 இல் ஒரு பட்டனைத் தட்டினால் பக்கத்திலிருந்து ஒரு குட்டி மவுஸ் வெளியே பாயும், பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் தாயோடு கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி. இவையெல்லாம் விளையாட்டுப் பொருட்கள் அல்ல. உலகின் கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் சம்பளம் வாங்கிச் செய்தவை. ஒருவருக்கும் 'கை' வரவில்லை!

1991 ஒக்டோபரில் அப்பிள் பவர்புக்கை வெளியிட்டபோதுதான் ஒரு வழி பிறந்தது. அதுவரை லெப்டொப்களில் விசைப்பலகை முன்விளிம்பை ஒட்டியே இருக்கும். பவர்புக்கில் அதைப் பின்னே தள்ளி, முன்னால் இடம் விட்டார்கள். அந்த இடத்தின் நடுவில் பந்து, இரு புறமும் உள்ளங்கை ஆறும் சமதளம். இப்போது உங்கள் வீட்டு லெப்டொப்பைத் திறந்து பாருங்கள், எந்தக் கம்பனியாக இருந்தாலும் பரவாயில்லை. விசைப்பலகை பின்னால், கை வைக்கும் இடம் முன்னால், நடுவில் சுட்டும் கருவி. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த வீட்டுத் திட்டத்தை ஒருவரும் மாற்றவில்லை. நடுவில் இருந்தால் வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் ஒரே தூரம் என்பதையும் கவனியுங்கள்.

பந்துக்கு இரண்டு வியாதி. ஒன்று பருமன். பந்து இருக்க வேண்டுமென்றால் அதற்குக் குழி வேண்டும், குழி வேண்டுமென்றால் லெப்டொப் தடிப்பாக இருக்க வேண்டும். மற்றது ஊத்தை. விரலின் வியர்வையும் தூசும் உள்ளே போய் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், அம்புக்குறி துள்ளும். எங்கள் வயதுக்காரர்கள் பாடசாலைக் கணினி அறையில் மவுஸின் அடிமூடியைத் திருகி, பந்தை எடுத்து, உருளையில் ஒட்டிய ஊத்தையை நகத்தால் சுரண்டியது நினைவிருக்கும். சுரண்டியதோடு நில்லாமல் அந்தப் பந்தை வைத்து வராந்தாவில் போளை விளையாடி அதிபரிடம் அகப்பட்டவர்களும் இந்தப் பதிவை வாசிக்கக்கூடும், பெயர் சொல்ல மாட்டோம்.

இனி எங்கள் கறுப்பு லெப்டொப்பின் சிவப்புக் குமிழுக்கு வருவோம். எங்களைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிக அழகான பகுதி இதுதான்.

1984இல் டெட் செல்க்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கவனத்தை ஒரு அளவீடு பிடித்துக்கொண்டது. தட்டச்சுச் செய்பவரின் கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குப் போக 0.75 விநாடி எடுக்கிறது, திரும்பி வரவும் கிட்டத்தட்ட அவ்வளவு எடுக்கிறது. முக்கால் விநாடி என்ன பெரிய விடயம் என்று நமக்குத் தோன்றும். நாள் முழுதும் எத்தனை ஆயிரம் தடவை கை போய் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். கை போகாமலே சுட்ட முடியாதா என்பது அவருடைய கேள்வி. முழங்கால் கருவிக்காரர்களின் அதே கேள்வி, இருபது வருடம் கழித்து. செல்க்கரின் விடை, விசைகளுக்கு நடுவிலேயே ஒரு சின்னக் குச்சி. பிறகு ஐ.பி.எம். கம்பனியில் ஜோசப் ரட்லெஜ் என்பவரோடு சேர்ந்து அதை வருடக்கணக்கில் திருத்தினார். 1992 ஒக்டோபரில் திங்க்பேட் 700சி லெப்டொப்பில் ஜி, எச், பி என்ற மூன்று விசைகளும் சந்திக்கும் இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. ட்ரெக்பொயின்ட் என்று பெயர்.

அந்தக் குமிழ் அசையாது. அசைவது போலத் தோன்றும், அவ்வளவுதான். விரல் எந்தப் பக்கம் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதை அடியிலுள்ள உணரிகள் அளக்கின்றன. மெதுவாகத் தள்ளினால் அம்புக்குறி மெதுவாகப் போகும், பலமாகத் தள்ளினால் வேகமாகப் போகும். இதில் அவர்கள் பட்ட பாடு எல்லாம் இந்த 'எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வேகம்' என்ற கணக்கில்தான். தள்ளுகிற பலத்துக்கு நேராக வேகத்தையும் கூட்டிக்கொண்டே போனால் அம்புக்குறி கண்ணுக்கு அகப்படாமல் ஓடிவிடும். எனவே கண் பின்தொடரக்கூடிய எல்லைக்கு மேல் வேகம் போகாமல் கட்டினார்கள். மிக மெல்லிய தள்ளலுக்கு அம்புக்குறி ஊர்ந்து போகும்படி வைத்தார்கள், சின்ன எழுத்தைக் குறிவைப்பதற்கு. மனிதனுடைய விரலையும் கண்ணையும் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

நிறத்துக்கும் ஒரு கதை சொல்வார்கள். ஐ.பி.எம்.மில் சிவப்பு என்பது அவசரமாக மின்சாரத்தை நிறுத்தும் பட்டனுக்கு ஒதுக்கிய நிறம், வேறெதற்கும் கொடுக்கமாட்டார்களாம். வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சப்பருக்கோ கறுப்புப் பெட்டியில் சிவப்புப் பொட்டுத்தான் வேண்டும். 'இது சிவப்பு அல்ல, மெஜென்டா' என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார்கள். எங்கள் அலுவலகங்களில் படிவம் நிரப்புகிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புதிதல்ல.

குமிழைப் பிடித்தவர்கள் அதை விடமாட்டார்கள், பிடிக்காதவர்கள் தொடமாட்டார்கள். பழக நாள் எடுக்கும் என்பதுதான் அதன் குறை. சில வேளைகளில் விரலை எடுத்த பிறகும் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருக்கும், பேய் பிடித்ததென்று பயப்பட வேண்டாம். சில விநாடி தொடாமல் விட்டால் தன் நடுப்புள்ளியைத் திரும்பக் கணித்துக்கொண்டு நின்றுவிடும்.

குமிழ் வந்த அதே காலத்தில்தான் டச்பேட்டும் திரும்பி வந்தது. யூட்டா மாநிலத்தில் ஜோர்ஜ் கெர்பைட் என்பவர் 1980களின் இறுதியில் ஒருவகை டச்பேட்டை உருவாக்கியிருந்தார். 1994 மே மாதம் அப்பிள் அந்தத் தொழில்நுட்பத்தின் உரிமையை வாங்கி, பவர்புக் 500 வரிசையில் பந்தைத் தூக்கிவிட்டு டச்பேட்டை வைத்தது. மற்றப் பக்கம் சினெப்டிக்ஸ் என்ற கம்பனி. அதை 1986இல் தொடங்கியவர்கள் கார்வர் மீட், ஃபெடெரிக்கோ ஃபஜீன் என்ற இருவர். ஃபஜீன் யாரென்றால், 1971இல் வந்த இன்டெல் 4004 என்ற நுண்செயலியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். தரம் 10, 11 தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளுக்கு 4004 என்ற இலக்கம் பரிச்சயம். மூளையின் நரம்புகளைப் போல வேலை செய்யும் சிப்களை ஆராயத்தான் கம்பனி தொடங்கினார்கள். கடைசியில் அவர்களுக்குச் சோறு போட்டது டச்பேட். ஒரு சில வருடங்களில் பந்து வைத்த லெப்டொப்கள் கடைகளிலிருந்து மறைந்தேவிட்டன.

டச்பேட் எப்படி விரலைக் கண்டுபிடிக்கிறது? பலர் நினைப்பது போல அமுக்கத்தால் அல்ல. அந்த வழுவழுப்பான மேற்பரப்புக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கடத்திக் கோடுகள், ஒரு வலை போல. அவற்றில் சிறிய மின்னேற்றம் இருக்கும். நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் கிட்ட வந்ததும் அந்த இடத்தில் மின்னேற்றத்தைத் தாங்கும் அளவு மாறுகிறது. எந்தக் குறுக்குக் கோட்டில், எந்த நெடுக்குக் கோட்டில் மாறியது என்று பார்த்து விரலின் இடத்தைக் கணக்கிடுகிறது. பேனையால், குச்சியால் குத்தினால் அசையாததும், கையுறை போட்டால் அசையாததும் இதனால்தான். பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்து தொட்டால் அம்புக்குறி பாய்வதும் இதனால்தான், தண்ணீர்த் துளியையும் அது விரலென்று நினைத்துக்கொள்கிறது. அமுக்கி அமுக்கிப் பிரயோசனமில்லை. மெதுவாகத் தொட்டாலே போதும். நாங்கள் முதல் வாரம் ராத்தாவிடம் இதைச் சொல்லவே இல்லை. அவர் இறப்பர் முத்திரை குத்துவது போல அமுக்கிக்கொண்டிருந்தார், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. டச்பேட் என்பது திரையின் குட்டி நகல் அல்ல. பேட்டின் இடது மூலையில் விரலை வைத்தால் அம்புக்குறி திரையின் இடது மூலைக்குப் போகாது. விரல் எங்கே இருக்கிறது என்பதை விட, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் அதற்குத் தேவை. வேகத்தையும் பார்க்கும், அதே தூரத்தை விரல் விரைந்து கடந்தால் அம்புக்குறி அதிக தூரம் போகும். கையில் ஸ்மார்ட் போன் வைத்துப் பழகிய ஒருவருக்கு இதுதான் பெரிய குழப்பம். போனில் தொட்ட இடம்தான் இடம். இங்கே தொட்ட இடத்துக்கு அர்த்தமே இல்லை. ராத்தாவின் கை போனுக்குப் பழகியிருந்தது. 'இடம் முடிஞ்சிட்டு' என்று அவர் சொன்னது போனின் சட்டப்படி சரிதான்.

அந்தப் போனுக்கும் டச்பேட்டுக்கும் நடுவில் ஒரு வலித்த கை இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வேய்ன் வெஸ்டர்மன் என்ற மாணவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தட்டச்சுச் செய்து செய்து அவருடைய கைகள் கடுமையாக வலிக்கத் தொடங்கின. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் உபாதை, தையல்காரர்களுக்கும் வருவதுதான். விசைகளை அடிக்காமல், வெறும் தொடுகையால் கணினியை இயக்க முடியாதா என்று தன் கைக்காகவே தேடப் போனார். அதுவரை டச்பேட் ஒரு விரலைத்தான் கவனித்தது. அவர் பத்து விரலையும் உள்ளங்கையையும் பிரித்து அறியும் பலகை ஒன்றைச் செய்தார். ஆசிரியர் ஜோன் இலையஸோடு சேர்ந்து ஃபிங்கர்வேர்க்ஸ் என்று ஒரு சின்னக் கம்பனி. 2005இல் அதை அப்பிள் வாங்கியது. 2007இல் ஐபோன், 2008 ஜனவரியில் மெக்புக் எயார். இன்று பேரப்பிள்ளையின் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கும் வாப்பம்மாவின் கையசைவுக்குப் பின்னால் அந்த மாணவரின் வலியும் இருக்கிறது.

மிச்சக் கதை விரைவாக நடந்தது. 2008 அளவில் குட்டி லெப்டொப்கள் பரவின. இடம் போதாமல் ஏசர் அஸ்பயர் வன் போன்றவை பட்டன்களை டச்பேட்டின் இரு பக்கமும் தள்ளின, எங்கள் இரண்டாவது லெப்டொப் அந்தக் காலத்துப் பிள்ளைதான். அதே 2008 ஒக்டோபரில் அப்பிள் பட்டனையே ஒழித்து, கண்ணாடி டச்பேட் முழுவதையும் பட்டனாக்கியது. 2013இல் விண்டோஸ் 8.1 உடன் மைக்ரோசொப்ட், வெவ்வேறு கம்பனிகளின் டச்பேட்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. 2015இல் வந்த அப்பிளின் சில டச்பேட்கள் அமுக்கினால் கீழே இறங்குவதே இல்லை. உள்ளே ஒன்று அதிர்ந்து, இறங்கியது போல விரலை ஏமாற்றுகிறது. பட்டனைப் பிடுங்கியது முன்னேற்றம் என்று சொல்கிறார்கள், நாங்கள் அவ்வளவு உடன்படவில்லை. புதிதாகப் பழகும் ஒருவருக்கு 'இதுதான் பட்டன், இதை அமுக்குங்கள்' என்று காட்ட ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அழகுக்காக மறைத்த பட்டன், தெரிந்தவருக்கு அழகு, தெரியாதவருக்குச் சுவர்.

இவ்வளவும் வாசித்த பிறகு எங்களோடு வகுப்பெடுக்கும் டீச்சர் ராத்தாவின் வீட்டுக்குப் போனார். லெப்டொப்பைக் கையிலிருந்து இழுத்ததற்கு எங்கள் மூவர் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார். "ஐயோ, அதுக்கென்ன டீச்சர்" என்று ராத்தா வெட்கப்பட்டாராம். அடுத்த சனிக்கிழமை வந்தார்.

இம்முறை புதியதை மூடி வைத்துவிட்டு, பழைய கறுப்பை முன்னால் வைத்தோம். சிவப்புக் குமிழுக்கு விளிம்பு இல்லையே, இடம் முடியாதே என்பது டீச்சரின் யோசனை. ராத்தா ஒரு விரலை வைத்துத் தள்ளினார். அம்புக்குறி பாய்ந்தது. விரலைத் தளர்த்தினார், மெதுவானது. திரும்ப அமுக்கினார். அவருடைய முகம் மாறியது.

"இது மெஷின்ட பெடல் மாதிரி சேர். காலால மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும்."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபது நிமிடத்தில் அவர் பைல் திறந்தார், மூடினார், தன் பெயரை அடித்தார். அதன் பிறகு டச்பேட்டை விளக்க எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. "துணியத் தள்ளுவம், கையத் தூக்கிப் பின்னுக்கு எடுப்பம், திரும்பவும் தள்ளுவம், அப்பிடித்தானே?" என்று அவரே கேட்டார். அப்படியேதான். ஊசிக்குக் கீழே துணி நகர்வது போல அம்புக்குறி நகர்கிறது, கை மட்டும் திரும்பித் திரும்பி வருகிறது. எங்கள் பாடக்குறிப்பில் இப்போது இந்த வசனம்தான் இருக்கிறது, சொன்னவர் பெயரோடு.

மகளின் விண்ணப்பத்தைப் போன மாதம் அவரே நிரப்பினார். மகள் பக்கத்தில் இருந்து வாசிக்க, அவர் அடித்தார். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நாங்கள் வாசலுக்குப் போய் நின்றுகொண்டோம், கை துருதுருத்து இழுத்துவிடக்கூடாதே என்று.

வகுப்பு வழமை போல சனிக்கிழமை அஸருக்குப் பிறகு. மவுஸ் கொண்டு வரத் தேவையில்லை. இப்போது அந்தக் கறுப்பு லெப்டொப்புக்குத்தான் கிராக்கி, வரிசையில் நின்று பழகுகிறார்கள். அத்தனை விரல்களும் பட்டுப்பட்டுக் குமிழின் சிவப்பு இறப்பர் தொப்பி தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிட்டது. யாருடைய வீட்டிலாவது பழுதாகிக் கிடக்கும் பழைய லெப்டொப் ஒன்றில் அந்தச் சிவப்புத் தொப்பி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மேலே இழுத்தால் கழன்று வரும். நூலகத்தில் கொடுத்தால் எங்களுக்கு வந்து சேரும்.